ஊருக்கே ஒரு கிடார்

மைதீன் பாய் மூன்றாவது தடவையாக அந்த நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். மேசைக்கும் எனக்கும் நடுவில் ஒரு நைலான் கயிறு. வாடிக்கையாளர் கிட்டே வந்துவிடாமல் இருக்க அப்போது எல்லாக் கடையிலும் கட்டியிருந்தார்கள். போனுக்குப் பக்கத்தில் ஒரு கிடார் படுத்திருந்தது. அதன் கழுத்தில் நூலால் கட்டிய ஓர் அட்டைச் சீட்டு. ‘செல்வம், தேவதானம்’ என்று எழுதி, கீழே போன் நம்பர்.

மணி அடித்தது. ஒன்று, இரண்டு என்று நான் எண்ணத் தொடங்கினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து உள்ளே வந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்குச் சுட்டது. ஐந்து, ஆறு. பாய் கிடாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

‘எடுக்கக் கூடாது ஆண்டவரே’ என்று நான் ஜெபித்தேன். ‘அந்த மனுஷன் போனை எடுக்கவே கூடாது.’

இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த நாட்களில் ஒருவர் ரெண்டு மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை என்றால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் ஜெபித்தேன்.

பதறி

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என் சுபாவம் இந்நேரம் சலித்துப் போயிருக்கும். இந்த வாரம் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பயந்தாங்கொள்ளி. சிலிண்டரை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்ததில் திறந்திருக்குமோ என்று இன்னொரு தடவை இழுக்கிறவள். என் கணவர் ஜெபராஜ் கல்யாணமான முதல் வாரத்திலேயே எனக்குப் ‘பதறி’ என்று பெயர் வைத்துவிட்டார். ‘கிரேஸ்’ என்று கூப்பிட்டால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். சர்ச் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கிறவர். நான் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு தறிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்த்தேன். கொரோனா இரண்டாம் முறை வந்து ஊரை அடைத்துப் போட்டபோதும் எங்கள் தறிகள் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிகளுக்குத் துணி போய்க்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதனால் ரோட்டில் போய்வர என்னிடம் ஒரு பாஸ் இருந்தது.

ஜெபராஜுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் மதுரைக்குக் கொண்டுபோனது. என்னை ஏற விடவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் நான்கு சுவரும்தான். எனக்கு டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதற்குக்கூடப் பயந்தேன். ரெண்டு பேருக்கும் வந்திருந்தால் ஒரே இடத்தில் கிடந்திருக்கலாமே என்று தோன்றியது.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் போனில் அவர் குரல் வந்தது. அதுவரை நர்ஸுகள்தான் பேசுவார்கள்.

“ஏட்டி பதறி, நல்லாருக்கியா? இன்னும் நாலு நாள்ல விட்டுருவாகளாம்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“கிடாரத் தொடச்சு வையி. மூச்சு பழகணும்னு டாக்டர் சொல்லுதாரு. சும்மா ஊதச் சொன்னா எனக்கு முடியாது. பாடிப் பழகிக்கிடுதேன்.”

‘சரிங்க’ என்றேன். போனை வைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் இல்லை. கிடார் அப்போது கட்டிலுக்கு அடியில் உடைந்து கிடந்தது.

வெயிலுக்கு மேல மருந்து

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய மறுநாள் நகராட்சியிலிருந்து வந்து வீட்டைச் சுற்றி பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

“அவிய பொழங்குன சாமானயெல்லாம் நல்லா வெயில்ல போடுங்கக்கா. வெயிலுக்கு மேல மருந்து கெடையாது.”

இதை வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் ஒரு தலையணையையும் போர்வையையும் உதறிப் போட்டிருப்பார்கள். என்னிடம் சொன்னால்? தலையணை, போர்வை, செருப்பு, பெல்ட், மூக்குக்கண்ணாடிக் கூடு, சீப்பு, எல்லாம் மொட்டை மாடிக்குப் போயின. கடைசியில் கிடார். அவர் அதன் மேல் குனிந்து பாடுகிறபோது எத்தனை எச்சில் அதில் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். டெட்டால் தண்ணீரில் துணியை நனைத்து மேலெல்லாம் துடைத்தேன். போதாது என்று அகப்பைக் காம்பில் துணியைச் சுற்றி, ஓட்டை வழியாக உள்ளேயும் விட்டுத் துடைத்தேன். பாயை விரித்து, வற்றல் காயப்போடுவதுபோல அதை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணிவாக்கில் மாடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். பூனை எதையோ தள்ளிவிட்டது என்று ஓடினேன். கிடாரின் வயிற்றில் கம்பிகளை மாட்டியிருக்கும் கட்டை பிய்த்துக்கொண்டு நின்றது. ஆறு கம்பியும் சுருண்டு கிடந்தன.

பசை வாங்கி வந்து ஒட்டினேன். அழுத்திப் பிடிக்க வேண்டுமே என்று அம்மிக் குழவியைத் தூக்கி மேலே வைத்தேன். அதோடு பலகையும் உள்ளே போயிற்று.

அவர் உயிரோடு வருவாரா என்பதே தெரியாத நாட்கள் அவை. கிடார் உடைந்ததை நான் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டேன். எங்கள் சபையில் சகுனம் பார்க்கக் கூடாது. பார்த்தேன்.

சுவரில் மாட்டிய கிடார்

நாலு நாள் இருந்தது. ஒரு கிடார் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ராஜபாளையத்தில் கிடார் கிடைக்காதா என்ன?

முதல் கடையில் வழக்கமாகக் கிடார்கள் தொங்கும் ஆணிகளில் கலர் கலராக முகக்கவசம் தொங்கியது. கடைக்காரர் சிரித்தார்.

“கிடாரா? ஒரு மாசமா இந்த ஆணிய நானே பாத்துக்கிட்டு இருக்கேன்க்கா. கல்கத்தாவுல இருந்து லோடு வரணும். லாரி ஓடல. கெடந்த நாலஞ்சையும் ஆன்லைன் கிளாசுன்னு தூக்கிட்டுப் போயிட்டாக. வீட்ல சும்மா இருக்கவுக அம்புட்டுப் பேருக்கும் கிடார் கத்துக்கிடணும்னு வந்துருச்சு.”

“பழசு ஏதும் இருக்காண்ணே?”

“யுகலேலேன்னு ஒண்ணு இருக்கு. கிடாருக்குத் தம்பி மாதிரி. நாலு கம்பி.”

அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஜெபராஜின் கையில் அது கரண்டிபோல இருக்கும். வேண்டாம் என்றேன். கரண்டு கிடார் ஒன்று இருப்பதாகவும், ஸ்பீக்கர் பெட்டி இல்லாமல் அதில் சத்தம் வராது என்றும், பெட்டி ஸ்டாக் இல்லை என்றும் சொன்னார்.

இரண்டாவது கடை பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே சுவரில் ஒரு கிடார்! அழகாகப் பழுப்பு நிறத்தில். போர்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, மாடி வீட்டில் இருந்த கடைக்காரரை இறங்கி வரச் சொன்னேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“யம்மா, அது கடிகாரம்.”

கிடார் மாதிரியே செய்த சுவர்க்கடிகாரம். முள் ஓடாமல் நின்றிருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

ஆன்லைனில் தேடினால் எங்கள் பின்கோடுக்கு அனுப்ப முடியாது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. சர்ச்சில் ஒரு கிடார் உண்டு. அது சர்ச்சோடு சேர்ந்து பூட்டியிருந்தது. தெரிந்தவர்களிடம் கேட்கலாம்தான். கொரோனா வந்த வீட்டுக்கு யார் கிடார் தருவார்கள்? பால்காரரே பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்.

லுங்கியோடு இறங்கி வந்த அந்தக் கடைக்காரர்தான், கடிகாரத்துக்கு ஈடு செய்வதுபோல, ஸ்ரீவில்லிபுத்தூர் மைதீன் பாய் கடையைச் சொன்னார். “அவரு கிட்ட இல்லன்னா இந்தச் சுத்து வட்டாரத்துல எங்கயும் கெடையாது.”

மறுநாள் காலையே ஸ்கூட்டியை எடுத்தேன். வழியில் போலீஸ் நிறுத்தியது. பாஸைக் காட்டினேன். ‘எங்கம்மா போறீங்க?’ என்று கேட்டார்கள். ‘பேண்டேஜ் துணி விஷயமா’ என்றேன். போலீஸிடம் என் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய். மம்சாபுரம் திரும்பும் இடம் தாண்டும்வரை பின்னால் விசில் அடிக்கிறார்கள் என்றே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மைதீன் பாய் கடையில் ஒரு கிடார் இருந்தது. கழுத்தில் சீட்டோடு.

“லோடுல ஆறுதான் வந்துச்சு தங்கச்சி. அஞ்சு போயிருச்சு. இது தேவதானத்து ஆளுக்கு. ரெண்டு நாளாக் கூப்பிடுதேன், மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்காரு.”

“அட்வான்ஸ் குடுத்திருக்காரா பாய்?”

“நான் அட்வான்ஸே வாங்குறது இல்ல. பேரு சொன்னா அந்தப் பேருக்கு உண்டு. கோர்ட்டுல மூணு தடவ பேரு கூப்பிடுவாகல்லா, அதுதான் என் கணக்கும். நாளைக்குக் காலைல ஒரு தடவ கூப்பிடுவேன். எடுக்கலன்னா ஒங்களுக்கு.”

“இன்னைக்கே இன்னொரு தடவ கூப்பிட்டா என்ன?”

“ஒரு நாளைக்கு ஒரு தடவதான். ஆளு வேலையா இருக்கும்ல.”

மண்ணெண்ணெய் வரிசை

அன்று முழுக்க ஆபீஸில் ஒரு பில்லும் சரியாக எழுதவில்லை. நினைவெல்லாம் சம்பந்தமில்லாமல் ரேஷன் கடைக்குப் போயிற்று.

எனக்கு எட்டு வயது இருக்கும். மண்ணெண்ணெய்க்கு வரிசை நிற்பார்கள். ஆள் நிற்க மாட்டார்கள், கேன் நிற்கும். விடியும் முன்னே கேனைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். யாருடைய கேன் எது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்தவர் கேனை யாரும் தொட மாட்டார்கள்.

ஒருநாள் எண்ணெய் தீரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. எங்களுக்கு முன்னால் ஒரு நீலக் கேன். அதன் சொந்தக்காரி இன்னும் வரவில்லை. என் அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, காலால் அந்த நீலக் கேனைப் பின்னால் தள்ளி எங்கள் கேனை முன்னால் நகர்த்தினாள். எங்களோடு எண்ணெய் தீர்ந்தது. அந்த அக்கா வந்து தன் கேனைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் வீட்டுக்கு வந்து சண்டை போடுவாள் என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தேன். வரவே இல்லை. அம்மாவை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

மூன்றாவது தடவை

மறுபடியும் பாய் கடைக்கு வருகிறேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. முழுதாக அடித்து ஓய்ந்து, ‘நீங்கள் அழைத்த நபர் பதிலளிக்கவில்லை’ என்று ஒரு பெண் குரல் சொன்னது. அந்தக் குரலை அன்றைக்குப்போல நான் என்றும் விரும்பியதில்லை.

பாய் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, “அல்லா, அந்த ஆளு நல்லா இருக்கணும்” என்றார். என்னைவிட அவர்தான் ஒழுங்காக ஜெபித்தார். கிடாரை உறையில் போட்டுக் கயிற்றுக்கு மேலாக நீட்டினார். காசை நான் கயிற்றுக்குக் கீழே தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தால் கழுத்தில் சீட்டு அப்படியே இருந்தது. பாய் கழற்ற மறந்துவிட்டார். நான் நூலை அறுத்தேன். சீட்டைக் குப்பையில் போடப் போனேன். கை வரவில்லை. காஸ் ரசீது கிடக்கும் இழுப்பறையில் போட்டு மூடினேன்.

மறுநாள் ஜெபராஜ் வந்து இறங்கினார். சட்டைக்குள் ஆளையே காணோம். வாசலிலிருந்து கட்டில் வரை வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். உட்கார்ந்ததும் கையை நீட்டினார். கொடுத்தேன். ஒரே ஒரு தடவைதான் தட்டினார்.

“எங்க ஏட்டி என் கிடாரு?”

எல்லாவற்றையும் சொன்னேன். டெட்டால், அகப்பைக் காம்பு, மொட்டை மாடி, அம்மிக் குழவி. சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில் மாட்டிக்கொண்டார். அந்த இருமல் நிற்கும்வரை நான் செத்துப் பிழைத்தேன்.

“கிடாருக்குக் கொரோனா வந்திருக்குமோன்னு டெஸ்ட்டு எடுத்தியா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

செல்வத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

ரெண்டு வரி

முதல் நாள் ஒரு வரி பாடுவதற்குள் மூச்சு நின்றது. அடுத்த நாள் ஒரு வரியை முடித்தார். மூன்றாம் நாள் ரெண்டாம் வரியில் பாதி. விரல் ஓடிக்கொண்டிருக்கும், குரல் மட்டும் நின்றுவிடும். அப்படியே கம்பியை மீட்டிக்கொண்டு காத்திருப்பார், மூச்சு வந்ததும் பிடித்துக்கொள்வார். வெறுமனே ஊதச் சொல்லிக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் சாமானை அவர் தொடவே இல்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் அந்தச் சின்ன மெஷினில் நம்பர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் வாசிக்க ஆரம்பித்ததும் அடுப்படிக்குப் போய்விடுவேன். பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன். அந்தக் கிடார் சத்தத்துக்குள் எனக்கு மணி அடிக்கிற சத்தம்தான் கேட்டது. தேவதானத்தில் ஏதோ ஒரு வீட்டில் அடித்துக்கொண்டே இருந்து, யாரும் எடுக்காத மணி.

ஐந்தாம் நாள் காலையில் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

“கிரேஸ்.”

வந்து நின்றேன்.

“நான் வாசிச்சா நீ ஏன் ஓடிப் போற? அம்புட்டு மோசமாவா இருக்கு?”

அழுதுகொண்டே சொன்னேன். சீட்டை, மூன்று தடவைக் கணக்கை, நான் செய்த ஜெபத்தை.

“போட்டுப் பாரு” என்றார்.

“எடுக்கலன்னா?”

“எடுக்கலன்னா என்னன்னு விசாரிப்போம். தெரியாம நான் எப்படி வாசிக்க?”

இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்தேன். நம்பரை அழுத்தும்போது ரெண்டு தடவை தப்பாகப் போயிற்று. மூன்றாம் தடவை மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். இந்தத் தடவை எண்ணவில்லை. ‘எடுத்துருங்க, எடுத்துருங்க’ என்று வாய்விட்டே சொன்னேன்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

“அலோ, யாரு?”

ஒரு ஆண் குரல்.

“தேவதானம் செல்வம் அண்ணாச்சியா?”

“ஆமா, செல்வந்தான் பேசுதேன். நீங்க யாரு?”

“நல்லா இருக்கீங்களா?” என்றேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் இப்படித்தான் முதலில் கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கேன். யாரும்மா நீங்க?”

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல கிடார் கடை…”

முடிக்க விடவில்லை.

“பாய் கடையிலயா? யம்மா, கோவிச்சுக்கிடாதீங்க. போனு கீழ விழுந்து டச்சு போயிருச்சு. மணி அடிக்கும், விரலப் போட்டு இழு இழுன்னு இழுப்பேன், எடுக்காது. பாய் கூப்பிட்டப்பல்லாம் எம் மக பக்கத்துலதான் இருந்தா. ரெண்டு பேருமாப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம். கடையெல்லாம் அடைச்சுப் போட்டுருக்கான், எங்க போயி மாத்த? இன்னைக்குத்தான் ஒரு பையனப் பிடிச்சு வீட்டுக்குள்ள வச்சு மாத்திட்டு வந்தேன்.”

நான் ஜெபராஜைப் பார்த்தேன். கிடார் அவர் மடியில் இருந்தது.

“கிடாரு வந்துருச்சாம்மா? இல்ல, வேற யாருக்கும் குடுத்துட்டாகளா?”

ஜெபராஜ் உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் வைத்து, சத்தத்தை அமர்த்தினார். கொடுத்துவிடு என்பதுபோல என்னிடம் தலையை ஆட்டினார்.

“வந்துருச்சு அண்ணாச்சி” என்றேன். “யாருக்கும் குடுக்கல. ஒங்க பேருலதான் இருக்கு.”

போனுக்கு அந்தப் பக்கம் அவர் வாயைத் திருப்பிக் கத்தியது வீடு முழுக்கக் கேட்டது. “ஏட்டி, ஒன் கிடாரு இருக்காம்ட்டி!” ஒரு பெண்பிள்ளை ஓடிவரும் கொலுசுச் சத்தம் கேட்டது.

“இப்பவே வரட்டுமாம்மா? வண்டி இருக்கு. எப்படியாச்சும் போலீசுக்குத் தெரியாம வந்துருவேன்.”

மறுபடியும் ஜெபராஜைப் பார்த்தேன். அவர் கையை எடுக்காமல் கிடாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு வரச் சொல்லுட்டி” என்றார் மெதுவாக. “இன்னைக்கு ஒரு நாள் வாசிச்சுக்கிடுதேன்.”